முன்பெஞ்சு கேட்டு ஒரு விண்ணப்பம்

பக்கத்துக் கண்ணாடிக்கடைத் தம்பி என் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தட்டச்சும் நகலும் எடுத்துக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. மனு அடிக்க வருகிறவர்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். இவர் மட்டும் நகல் இயந்திரத்துக்கும் காகித அலமாரிக்கும் நடுவில் இருக்கிற நாலடி இடத்தில் போவதும் வருவதுமாக இருப்பார். "தம்பி, நீங்க நடக்கிற நடையில எனக்குத் தலை சுத்துது" என்றால் நிற்பார். ஒரு வரி சொல்வார். அடுத்த வரிக்குள் கால் கிளம்பிவிடும்.

அந்தக் கடையில் கண் பரிசோதிப்பது, லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது எல்லாம் இவர்தான். முதலாளி மேசைக்குப் பின்னால் இருந்து வரவேற்பதோடு சரி. வேலையில் அப்படி ஒரு நிதானம் உள்ள கை. முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஒரு பக்கம் முடியளவு தாழ்ந்திருந்தாலும் கழற்றி, காதுத்தண்டைச் சூடுகாட்டி வளைத்து, மறுபடி மாட்டிப் பார்ப்பார். அந்தக் கைக்கும் இந்தக் காலுக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று நான் யோசித்ததுண்டு.

அவர் மனைவியையும் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சான்றிதழ் நகலெடுக்க வருவாள். கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவரும் கெட்டவர் இல்லை. வீட்டில் ஒரு பேச்சு வளர்ந்தால் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஊரைச் சுற்றிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருவார். அவளுக்கோ கேட்ட கேள்விக்குப் பதில் அந்த நிமிஷமே வேண்டும். ஒன்பது வருஷம் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒருவர் நடந்துகொண்டே இருந்தார். மகளுக்கு ஆறு வயது ஆனபோது, ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று குழந்தையோடு போனாள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

நீதிமன்றம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பத்து முதல் பன்னிரண்டு வரை மகளைப் பார்க்கலாம் என்று சொன்னது. பார்க்கிற இடம் நீதிமன்றக் கட்டடத்தின் முதல் மாடியில் ஒரு அறை. நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சக்கரம் போன பொம்மை லாரி, வருகைப் பதிவேடு, அதைக் காக்கிற ஆலோசகர் அம்மா. அங்கே வரும் அப்பாக்களைப் பற்றித் தம்பி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருவர் மகனுக்கு ஷூ வாங்கி வந்தாராம். போன வருஷத்து அளவு. பையன் காலை நுழைத்துப் பார்த்து, "டைட்டா இருக்குப்பா" என்று சொல்லாமல், கால்விரலை மடக்கிக்கொண்டு பன்னிரண்டு மணி வரை நொண்டி நொண்டி விளையாடினானாம்.

தன் மகளை இவர் 'வாண்டு' என்றுதான் சொல்வார், நானும் அப்படியே சொல்கிறேன். வாண்டு முதல் பத்து நிமிஷம் விருந்தாளி மாதிரி இருப்பாளாம். பதினோராவது நிமிஷம் அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டு என்ன இருக்கிறது என்று பார்ப்பாளாம். பன்னிரண்டு அடிக்கும்போதுதான் பேச்சு சூடுபிடித்திருக்கும். உடனே கிளம்ப வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, "மணி என்னடா?" என்று கேட்டிருக்கிறார். சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க அவள் கண்ணைச் சுருக்கினாள். கண்ணாடிக்கடைக்காரருக்கு அது போதாதா? "அங்க ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கே, யார் முதல்ல படிக்கிறாங்கன்னு பாக்கலாம்" என்று அதையே விளையாட்டாக்கினார். அறையின் கோடியில் இருந்த அந்தத் தாளை அவள் பாதித் தூரம் நடந்தும் படிக்கவில்லை. கையெட்டும் தூரத்துக்குப் போன பிறகுதான் 'அமைதி காக்கவும்' என்று கத்திப் படித்துவிட்டு, தானே கத்தியதற்குச் சிரித்தாள். இவரும் சிரித்தார். உள்ளே திக்கென்றது. அவர் போட்டிருக்கிற கண்ணாடியே மைனஸ் ஆறு. எட்டு வயதில் கரும்பலகை தெரியாமல், மக்கு என்று பெயர் வாங்கி ஒரு வருஷம் போனது அவருக்கு.

பன்னிரண்டு மணிக்கு மனைவி அழைத்துப் போக வந்தாள். படிக்கட்டிலேயே நிறுத்தி, "இவளுக்குத் தூரப்பார்வை சரியில்ல. உடனே கண்ணு பாக்கணும்" என்றார்.

"போன மாசம்தான் பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைங்களுக்கும் கண்ணு பாத்தாங்க. ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"அவங்க பாத்த லட்சணம் எனக்குத் தெரியும்."

"நீங்க ரெண்டு மணி நேரம் பாப்பீங்க, குறை சொல்லிட்டுப் போயிருவீங்க. மீதி நாளெல்லாம் பாக்கிறது நான்தானே?"

அங்கேயாவது அவர் வாயை மூடியிருக்கலாம். வழக்கம்போல நடந்தாவது போயிருக்கலாம். போகவில்லை. மற்ற அப்பா அம்மாக்கள், வக்கீல்கள், காவலர் என்று அத்தனை பேர் இறங்கிக்கொண்டிருந்த படிக்கட்டில், "கண்ணு போனப்புறம் பாப்பியா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று கேட்டுவிட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை குழந்தை வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அதற்கடுத்தது பரீட்சை. அப்புறம், அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தால் குழந்தை சரியாகத் தூங்குவதில்லை, பலர் முன்னால் தாயை அவமானப்படுத்துகிறார் என்று எதிர்மனு வந்தது. விசாரணை முடியும்வரை சந்திப்பை நிறுத்திவைத்தார்கள். விசாரணை நாளில் நீதிபதிக்கு மாற்றல். புதியவர் வர ஒரு மாதம். வந்தவர் கோப்பைப் படிக்க ஒரு மாதம். இப்படியே ஒன்பது மாதம் போனது. ஒரே ஊர். பஸ்ஸில் இருபது நிமிஷம். பார்க்க முடியாது.

அந்த ஒன்பது மாதமும் அவர் காலுக்கு ஓய்வே இல்லை. சனிக்கிழமை பத்து மணி ஆனால் கடையில் நிற்க முடியாது. இல்லாத வேலைக்குக் கிளம்பிப் போவார், பாதி வழியில் திரும்புவார். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் லென்ஸை ஃப்ரேமை விடச் சின்னதாக வெட்டிவிட்டார். அத்தனை வருஷத்தில் நடக்காதது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஏழெட்டு வயதுக் குழந்தை யாராவது கண் காட்ட வந்தால் போயிற்று. எழுத்துப் பலகையை மூன்று முறை, நான்கு முறை படிக்கச் சொல்வார். "என்ன க்ளாஸு? எந்த பெஞ்சு? பலகை தெரியுதா? பக்கத்துல இருக்கிறவங்கள பாத்து எழுதுறியா?" ஒரு தாய் எரிச்சலாகி, "கண்ணு பாக்க வந்தோமா, போலீஸ் விசாரணைக்கு வந்தோமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடப் பக்கம் போகவே கூடாது என்று அவருடைய வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்போதுதான் தலைமையாசிரியைக்கு எழுதலாம் என்று என்னிடம் வந்தார். முதல் தடவை அடித்தது மூன்று பக்கம். அதில் கல்யாணம் ஆன கதையிலிருந்து ஆரம்பம். இரண்டாவது ஒன்றரைப் பக்கம். நாலாவது தடவை, "என் மகளுக்குத் தூரத்துப் பார்வை குறைவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கண் பரிசோதனை என் தொழில். அவளுடைய மதிப்பெண்ணோ வேறு விவரமோ நான் கேட்கவில்லை. அவளை முன்பெஞ்சில் உட்கார வைத்தால் போதும்" என்று நாலே வரியில் நின்றது.

தலைமையாசிரியையின் பதில் தொலைபேசியில் வந்தது. என் கடையில் நின்றபடிதான் இவர் பேசினார். குழந்தையைப் பற்றிப் பேச அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக்கூட எழுதித் தர இயலாதாம்.

"நான் ஒண்ணும் கேக்கலையே மேடம். ஒரு பெஞ்சு. அந்தக் கடைசியிலேர்ந்து இந்தக் கடைசிக்கு. அவ்வளவுதானே?"

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நாலடி போனார், நாலடி வந்தார்.

விசாரணை நெருங்கியது. புது மனு அடிக்க வேண்டும் என்று கையெழுத்தில் ஆறு பக்கம் கொண்டுவந்தார். அப்பாவின் உரிமை, தாயின் அலட்சியம், பள்ளியின் அலட்சியம், மாமியார் வீட்டாரின் தூண்டுதல். நான் முதல் பக்கம் அடித்துவிட்டுக் கையை எடுத்தேன்.

"தம்பி, இந்த அலட்சியம்னு வர்ற பத்தி எல்லாம் வேணாமே."

"உண்மைதானேக்கா?"

"இருக்கட்டும். இத படிச்சா அவ புள்ளைய கூட்டிட்டு வருவாளா, இன்னும் நாலு பூட்டு போடுவாளா?"

நடந்தார்.

"படிக்கட்டுல நீங்க அன்னைக்கு கேட்ட கேள்விய என்னை யாராவது கேட்டிருந்தா, நானும் புள்ளைய அனுப்பியிருக்க மாட்டேன்" என்றேன். இவ்வளவு நாளும் அவர் பக்கமே பேசிவந்த நான் அப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் சுண்டிவிட்டது. தாள்களை வாரிக்கொண்டு விறுவிறு என்று போய்விட்டார். அவ்வளவுதான், இனி வேறு கடையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

மறுநாள் கடை திறக்கும்போது ஷட்டருக்கு முன்னால் நின்றார்.

"எப்படி எழுதணும்னு சொல்லுங்கக்கா."

"உங்களுக்கு இப்ப எது ரொம்ப அவசரம்? நீங்க அவள பாக்கிறதா, அவ பலகைய பாக்கிறதா?"

நகல் இயந்திரம் வரை போய்த் திரும்பினார். "ரெண்டாவது" என்றார்.

மனு அரைப் பக்கத்தில் முடிந்தது. "தாய்க்கு நம்பிக்கையுள்ள எந்தக் கண் மருத்துவரிடமாவது குழந்தையைக் காட்ட வேண்டும். அப்போது நான் அங்கே இருக்கத் தேவையில்லை. பலர் முன்னால் நான் பேசியது தவறு." அவ்வளவுதான். அதைப் படித்த வக்கீலம்மாவுக்குக் கோபம். "இதுல நம்ம உரிமை எங்க இருக்கு? ஒன்பது மாசமா இதுக்கா அலைஞ்சோம்? அப்புறம் வந்து என்கிட்ட அழக்கூடாது" என்றாராம். இருந்தாலும் தாக்கல் செய்தார். நீதிபதி படித்துவிட்டு, எதிர்த்தரப்பைப் பார்த்து, "இதுக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டார். கண்ணைக் காட்டுவதற்கு யார் ஆட்சேபம் சொல்வார்கள்? பத்து நிமிஷத்தில் உத்தரவு வந்தது.

மூன்று வாரம் கழித்து அடுத்த விசாரணை. நடைபாதையில் அவள் எதிரே வந்தாள். இவர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் போகவில்லை.

"வலது ரெண்டு. இடது ரெண்டே முக்கால்" என்றாள். சொல்லிவிட்டுக் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். "பள்ளிக்கூடத்துல பாத்தப்ப, முன்னாடி நின்ன புள்ளைங்க சத்தமா படிச்சதயே இவ சொல்லியிருக்கா. டாக்டர்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

ஒன்பது மாதமாக அவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அந்த நேரத்துக்காகத்தான். நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வந்திருக்கும். ஆனால் அவர் சொன்னது வேறு.

"அது என் பக்கத்துலேர்ந்து வந்தது. உன்மேல ஒண்ணுமில்ல."

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் தரப்பில் சந்திப்புக்கு எதிர்ப்புச் சொல்லவில்லை. சமாதானம் என்றெல்லாம் இல்லை. எதிர்ப்புச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமை அவர் ஒன்பது மணிக்கே போய் நின்றுவிட்டார். வாண்டு வந்தாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் புதிது. பழைய பல் எப்போது விழுந்தது என்று இவருக்குத் தெரியாது. அவள் இவரிடம் வரவில்லை. ஆலோசகர் அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கொண்டுவந்த புத்தகத்தைத் திறந்துகொண்டாள். இவர் கூப்பிட்டார். "ம்" என்றாள். எழுந்து கிட்டே போனார். அவள் நாற்காலியோடு அரை அடி நகர்ந்தாள்.

"வற்புறுத்தாதீங்க சார், உக்காருங்க" என்றார் ஆலோசகர்.

இவர் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம். "கால் ரெண்டும் தனியா எந்திரிச்சு ஓடிரும் போல இருந்துச்சுக்கா. ரெண்டு கையாலயும் முட்டிய பிடிச்சுக்கிட்டேன்" என்றார். மகள் பேசியது மூன்று வார்த்தை. இவருக்கு அதைவிடத் தாங்க முடியாதது ஒன்று இருந்தது. அவள் போட்டிருந்த கண்ணாடி. வேறு கடையில் செய்தது. மூக்கில் நிற்காமல் வழுக்கி வழுக்கி வந்தது. ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் விரலால் மேலே தள்ளினாள். தொழில்காரனின் கைக்கு அது எப்படி அரித்திருக்கும்! ஆனாலும் வாய் திறக்கவில்லை. அந்தப் படிக்கட்டு இன்னும் ஞாபகத்தில் இருந்தது.

அதற்கடுத்த சந்திப்பிலும் அப்படித்தான். மூன்றாவதில், பதினொன்றரை மணிக்கு, அவள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

"இது வழுக்கிக்கிட்டே இருக்கு."

"கழட்டித் தரியா?"

தந்தாள். பையில் சின்னத் திருப்புளி எப்போதும் இருக்கும். திருகை முடுக்கினார். தண்டை உள்ளங்கையில் தேய்த்து, மூச்சால் சூடாக்கி, மெல்ல வளைத்தார். மாட்டிவிட அவள் முகத்தைத் தொட வேண்டும். அனுமதி கேட்பதுபோல ஆலோசகரைப் பார்த்தார். அவர் பதிவேட்டில் எதையோ தீவிரமாக எழுதிக்கொண்டிருந்தார். இவர் மாட்டிவிட்டு, இரண்டு காதின் பின்பக்கமும் விரல்விட்டுப் பார்த்தார். தலையை ஆட்டச் சொன்னார். வாண்டு ஆட்டினாள். நிற்கிறது. இன்னும் வேகமாக ஆட்டினாள்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? எங்க மிஸ் என்னை முன்பெஞ்சுல மாத்திட்டாங்க. நான் பேசவே இல்ல. பின்னாடி இருந்தவதான் பேசினா. ஆனா என்னை மாத்திட்டாங்க."

"எப்ப?"

"ரொம்ப நாளாச்சு. கண்ணாடி போடறதுக்கு முன்னாடியே. என் ஃப்ரெண்டு அங்க, நான் இங்க. அநியாயம்தானே?"

"பெரிய அநியாயம்" என்றார்.

பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்ன அதே தலைமையாசிரியை, எழுதித் தர முடியாது என்று வைத்த அதே பெண்மணி, கடிதத்தை வகுப்பு ஆசிரியையிடம் காட்டியிருக்கிறார். வேறு வழியில் நடந்திருக்காது. இதைத் தம்பி என்னிடம் சொன்னபோது, அந்த நாலு வரியின் நகல் ஒன்று கேட்டார். என் கணினியில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். மகளிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால், தோழியைப் பிரித்த பாவம் தன் தலையில் விழும் என்கிறார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மாதம் இரண்டு சந்திப்பு என்பது நாலு ஆவதற்கு இரண்டரை வருஷம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை நின்றது. ஒருமுறை இவரே கோபத்தில் போன் பேசிக் கெடுத்துக்கொண்டார். இப்போது சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலிலிருந்தே கூட்டிப்போகலாம், மாலையில் கொண்டுவிட வேண்டும். அந்த நீல நாற்காலி அறைக்கு இப்போது போகவேண்டியதில்லை. ஷூ வாங்கிவந்த அந்த மனிதர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி. ஏன் என்று யாருக்கும் தெரியாது. இவர் சில சமயம் அவரைப் பற்றிப் பேசுவார். பேச்சை முடிக்காமலே எழுந்து போவார்.

வாண்டுக்குப் பன்னிரண்டு வயது ஆகிறது. போன வாரம் கையில் போனோடு என் கடைக்குள் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த சனிக்கிழமை வரமாட்டாளாம்க்கா."

"ஏனாம்?"

"கூடைப்பந்து போட்டியாம். அவளேதான் போன் பண்ணினா. அவங்க அம்மா சொல்லச் சொல்லியிருப்பாளோ? இப்படித்தானே முன்னாடியும் ஆரம்பிச்சுது? முதல்ல காய்ச்சல், அப்புறம் பரீட்சை..."

"தம்பி, பன்னெண்டு வயசுப் புள்ளைக்குப் போட்டி இருக்கத்தான் செய்யும். நீங்க ஒரே வீட்டுல இருந்திருந்தாலும் சனிக்கிழமை உங்க மூஞ்சிய பாத்துக்கிட்டா உக்காந்திருக்கப் போறா?"

அது அவருக்குத் தைத்தது. அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார்.

"எந்த மைதானம்டா? நான் வந்து நிக்கலாமா?"

அந்தப் பக்கத்திலிருந்து எனக்கே கேட்கிற குரலில், "வாங்கப்பா. ஆனா கத்தக் கூடாது. என் பேரச் சொல்லிக் கூப்பிடவே கூடாது. சரியா?"

சரி என்றார். போனார். மனைவியும் வந்திருந்தாளாம், மைதானத்தின் எதிர்ப்பக்கம். இரண்டு பேரும் கைதட்ட வேண்டிய நேரத்தில் மட்டும் ஒரே சமயம் கைதட்டியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை, "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா" என்றார். "அவ எந்தப் பக்கம் பந்து போடணும்னே பாதி ஆட்டம் வரைக்கும் எனக்குப் புரியல. கேட்டா திட்டுவா. அடுத்த தடவைக்குள்ள யாருகிட்டயாவது கத்துக்கணும்."